மூன்று மணிக்கு அம்மா யாரைக் கூப்பிடுகிறாள்

நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் சொல் என்னுடைய பெயர். அதைப் படித்தது எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில்.

சின்னமனூரிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் எங்கள் ஊர். பாதிக்கு மேல் வேதக்கார, கத்தோலிக்கக் குடும்பங்கள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பே அப்பா சுண்ணாம்பு வாளியும் கறுப்புப் பெயிண்டுமாகப் போய்விடுவார். சின்னக் கல்லறை அது, நாலரை அடி நீளம்கூட இருக்காது. வெள்ளையடித்துக் காய்ந்ததும் எழுத்துகளின் மேல் பெயிண்டை ஓட்டுவார். எனக்கு அப்போது ஐந்து வயது. பள்ளியில் அ, ஆ முடித்து உயிர்மெய் வந்திருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் படித்தேன். முன்னெழுத்து அப்பாவுடையது. பெயர் என்னுடையது. கையில் கறுப்பு ஒட்டிக்கொண்டது.

"அப்பா, நான் செத்துட்டனா?"

அப்பா பிரஷ்ஷை வாளி விளிம்பில் வைத்தார். "இல்லத்தா. இது ஒங்க அக்கா."

"அக்காவுக்கு ஏன் எம் பேரு?"

அப்பா மண்ணெண்ணெயில் துணியை நனைத்து என் விரலைத் துடைத்துவிட்டார்.

அக்கா ஆறு வயதில் வாய்க்காலில் மூழ்கி இறந்தவள். நான் அதற்கு இரண்டு வருடம் கழித்துப் பிறந்தேன். இவ்வளவுதான் எனக்குச் சொல்லப்பட்டது. மீதியை நானே சேர்த்துக்கொண்டேன். ஒரு தகரப் பெட்டி நிறைய அவளுடைய கவுன்கள் இருந்தன. நான் வளர வளர அம்மா அதிலிருந்து அடுத்த அளவை எடுத்து, அந்துருண்டை வாசம் போக வெயிலில் உலர்த்தி எனக்குப் போட்டுவிடுவாள். ஒன்றாம் வகுப்பில் எனக்குக் கிடைத்த நோட்டின் அட்டையில் என் பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. உள்ளே பதினோரு பக்கங்கள் வேறு ஒரு கையெழுத்தில் நிறைந்திருந்தன. அவள் நிறுத்திய இடத்திலிருந்து நான் எழுத ஆரம்பித்தேன்.

மறுபிறப்பு என்பதெல்லாம் எங்கள் மறைக்கல்வி வகுப்பில் கிடையாது. ஆனாலும் விசேஷ வீடுகளில் பெண்கள் என் தாடையைப் பிடித்து, "மூத்தவதான் திரும்பி வந்துட்டா" என்பார்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது அம்மா என் இடது காதை மடக்கிப் பின்னால் பார்ப்பாள். அக்காவுக்கு அங்கே ஒரு மச்சம் இருந்ததாம். எனக்கு இல்லை. போன வாரமும் இல்லை என்று தெரிந்தும் இந்த வாரமும் பார்ப்பாள்.

என் ஏழாவது வயது முடியப்போகும் சமயத்தில் பெட்டி காலியாகிவிட்டது. இனி என் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அம்மா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அம்மா என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்க்க ஆரம்பித்தாள் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை நான் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. எனக்குத் தண்ணீருக்குள் இருக்கும் ஒரு நினைவு உண்டு. கனவு இல்லை, நினைவு. எங்கும் பச்சை. மேலே வெளிச்சம் துண்டு துண்டாக உடைந்து ஆடுகிறது. முகத்தில் முடி. காதுக்குள் ஆட்டுரல் சுற்றுவதுபோல ஒரு சத்தம். அதில் பயமே இல்லை. அதுதான் எனக்குப் பயம். வாய்க்கால் கரைக்குக்கூட அம்மா என்னை விட்டதில்லை. ஆகவே அந்த நினைவு யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி சாதாரணமாக வாழ முடியாதா என்றால், முடியும். மதுரையில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்தேன். சின்னமனூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, குடியிருப்பது எங்கள் ஊரிலேயே. கணவர் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர், சனிக்கிழமை வந்து திங்கள் காலை போவார். மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். அப்பா இறந்த பிறகு அம்மா என்னோடு வந்துவிட்டாள். மூன்று வருடமாக அம்மாவுக்கு மறதி நோய். அதுவும் சாதாரணமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சென்ற வருடத்துக்கு முந்தைய வருடம், ஆனி மாதம். மலை இடைவெளி வழியாகக் காற்று இறங்கி, வாழைத் தோட்டங்களை நாள் முழுவதும் போட்டு உலுக்கிக்கொண்டிருந்த நாட்கள். எனக்கு வேலை காலை ஆறிலிருந்து இரண்டு வரை. அதுவரை பக்கத்து வீட்டு அக்கா அம்மாவைப் பார்த்துக்கொள்வாள். அன்று நான் வந்து சாப்பிட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். கோயில் ஒலிபெருக்கியில் மூன்று மணி இரக்கச் செபம் தொடங்கியது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு எதிர்ப் பக்கம், கொல்லைக் கதவை ஒட்டிய மூலையைப் பார்த்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"இங்கன இருக்கேம்மா" என்றேன்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். முன்பின் தெரியாதவர்களிடம் பேசும் மரியாதையோடு கேட்டாள். "நீ யாருத்தா?"

பிறகு மறுபடியும் மூலையைப் பார்த்து என் பெயர். "ஏறு. தண்ணியை விட்டு ஏறிரு. ஆத்தா, கையைக் குடு. கையைக் குடு சொல்றேன்ல."

பத்து நிமிடம். பிறகு படுத்துத் தூங்கிவிட்டாள். மறுநாள் மூன்று மணிக்கு மறுபடியும். அதற்கு மறுநாளும்.

பக்கத்து வீட்டு அக்கா இரண்டாவது வாரமே முடிவுக்கு வந்துவிட்டாள். "மூத்த பிள்ளைதான் வந்து நிக்கிது. தாயைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கும். நான் வேணா குச்சனூர் கோயில்ல ஒரு எள்ளு விளக்கு போட்டுட்டு வாறேன்." போட்டுவிட்டும் வந்தாள். எங்கள் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அம்மா மரியாதையாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். மறுநாள் ஒலிபெருக்கி தொடங்கியதும் மூலையைப் பார்த்து, "ஈரத்தோட நிக்காத" என்றாள்.

அந்த வாரத்தில்தான் தரையில் ஈரத்தைப் பார்த்தேன். அம்மா தூங்கிய பிறகு, மூலையில், சிமெண்டுத் தரையில் அருகருகே இரண்டு ஈரத் திட்டுகள். உள்ளங்கை அகலம். கூரை ஒழுகவில்லை, மழையே இல்லை. நான் தரை துடைத்திருந்தது காலையில். குனிந்து தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. காய்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு என் பெயர் என்னிடமிருந்து கழன்றுவிட்டது. இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. லேபில் யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நான் நகர மாட்டேன். எனக்குப் பின்னால் இருப்பவள் போவாள் என்று காத்திருப்பேன். அவள் எழுந்து போவதற்கு இடம்விட்டு ஒதுங்கிக்கூட நிற்பேன். ஒருநாள் காலை வெறும் வயிற்று ரத்தம் எடுக்க வந்தவர்கள் வரிசை நீளமாக இருந்தது. மூன்று பேருக்கு எடுத்து, குழாய்களில் பெயர் எழுதி, ரேக்கில் வைத்தேன். எங்கள் டாக்டரம்மா வந்து ரேக்கைப் பார்த்தவர், என்னைப் பார்த்தார். மூன்று குழாய்களிலும் என் பெயர் எழுதியிருந்தது.

மூவரிடமும் மன்னிப்புக் கேட்டு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. டாக்டரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். திட்டவில்லை. "தேனியில ஒரு மேடம் இருக்காக. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மாத்திரை எழுதுற ஆளு இல்லை, பேசுறவக. நாளைக்கே போங்க" என்று சொல்லி, அவரே போன் பண்ணி நேரமும் வாங்கிக் கொடுத்தார்.

கண்ணாடிக் கடைக்கு மேலே முதல் மாடி. செங்குத்தான படி. அறையில் இரண்டு பிரம்பு நாற்காலிகள், சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இருவருக்கும் தெரியும்படி ஒரு கடிகாரம். சினிமாவில் பார்த்த சாய்வுக் கட்டில் எதுவும் இல்லை. அவர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். குமுளிக்கு அந்தப் பக்கம் பிறந்து தேனியில் வாழ்க்கைப்பட்டவர். தமிழ் சுத்தமாக இருக்கும். ஆச்சரியப்பட்டால் மட்டும் 'அப்படியா' என்பதற்கு "ஆணோ" என்று மலையாளம் வந்துவிடும்.

"இங்க பேசுறது வெளிய போகாது" என்றார் முதலில். "உங்களுக்கோ வேற யாருக்கோ உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் நான் சொல்ல வேண்டி வரும். அப்பவும் உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான்." கோயிலில் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே வலைக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாது, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கே ஒருவர் ஐம்பது நிமிடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்.

ஒரு படிவம் கொடுத்தார். முதல் கட்டம் பெயர். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை ஓடவில்லை.

"அப்புறம் எழுதிக்கலாம். உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?"

"எப்படினாலும் கூப்புடுங்க மேடம். பேரு மட்டும் வேணாம்."

"சரி. 'நீங்க'ன்னே கூப்பிடுறேன்."

அன்று கல்லறையிலிருந்து குழாய்கள் வரை எல்லாம் சொன்னேன். தண்ணீர் நினைவை மட்டும் சொல்லவில்லை. ஈரத் திட்டுகளைச் சொன்னேன். அது என்னவாக இருக்கும் என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "எனக்குத் தெரியலை" என்றார். படித்தவர்கள் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அதனால்தான் இரண்டாவது முறையும் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

தைராய்டும் பி-12ம் பார்த்துக்கொண்டு வரச் சொன்னார். என் ரத்தத்தை நானே எடுத்தேன். அளவெல்லாம் சரியாக இருந்தது. ஒரு மனநல மருத்துவரிடமும் ஒருமுறை அனுப்பினார். அவர் தூக்கத்துக்கு இரண்டு வாரம் மாத்திரை கொடுத்து, மற்றதைப் பேசியே பாருங்கள் என்றார். அம்மாவையும் நரம்பு டாக்டரிடம் காட்டினேன். மறதி முற்றும்போது இல்லாதவர்களைக் காண்பது உண்டு என்றார்.

ஒவ்வொரு வியாழனும் லேப் முடிந்து தேனி பஸ் ஏறுவேன். அன்று மட்டும் மூன்று மணிக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன். பஸ்ஸில் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொள்வேன்.

மூன்றாவது வாரம் அவர் கேட்டார். "அந்த நேரத்துல நீங்க பயப்படுறது அம்மா குரலுக்கா, அந்த மூலைக்கா?"

"மூலைக்கு."

"அங்க யாராவது இருந்துட்டா என்ன ஆகும்?"

நான் யோசிக்காமலேயே சொல்லிவிட்டேன். "அங்கன அவ இருந்தா, அப்ப நான் யாரு மேடம்?"

அவர் பேனாவை மூடி வைத்தார். கீழே கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் மிஷின் ஓடுவது கேட்டது.

ஆறாவது வாரம் அவர் சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டார். அக்கா அதில் இருப்பதாக நினைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். நோட்டைப் பற்றி, மச்சத்தைப் பற்றி. "இப்போ நீங்க அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவங்க என்ன சொல்வாங்கன்னு பாருங்க" என்றார். எழுந்து போய் உட்கார்ந்தேன். நாற்காலி மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தது. உள்ளங்கால் தரையில் பட்டும் படாததுபோல இருந்தது. வாயைத் திறந்தேன். வந்த குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"எங் கவுனைக் குடு."

அவ்வளவுதான் வந்தது. மறுபடியும் வந்தது. நிறுத்த முடியவில்லை. மேடம் எழுந்து வந்து என் முன்னால் முட்டி போட்டு, "இங்க பாருங்க. நீங்க தேனியில இருக்கீங்க. காலைத் தரையில அழுத்துங்க. இந்த அறையில என்னென்ன நிறம் இருக்கு, சொல்லுங்க" என்றார். சுவர் பச்சை என்றேன். கடிகாரம் சிவப்பு. உங்கள் சேலை நீலம். என் பல் கிட்டிப்போயிருந்தது. தண்ணீர் கொடுத்தார். நேரம் முடிந்த பிறகும் என்னை அனுப்பாமல் உட்கார வைத்திருந்தார்.

அடுத்த வியாழன் நான் உட்காரும் முன்பே சொன்னார். "போன வாரம் நான் அவசரப்பட்டுட்டேன். அது என் தப்பு. இனி அந்த நாற்காலி வேண்டாம்." பிளாஸ்டிக் நாற்காலியை அறையிலிருந்தே எடுத்துவிட்டிருந்தார். என்னிடம் தவறு என்று ஒப்புக்கொண்ட ஒருவரிடம் எதையும் சொல்லலாம் என்று தோன்றியது. அன்றுதான் தண்ணீருக்குள் இருக்கும் நினைவைச் சொன்னேன்.

"அது அவ சாவு மேடம். அவ சாவு எனக்கு ஞாபகம் இருக்கு."

"ஆணோ" என்றார் மெதுவாக. பிறகு, "கஷ்டமா இருந்தா நிறுத்திக்கலாம். அந்த நினைவுல உடம்புல என்ன சட்டை இருக்கு?"

இதுவரை அதை நான் பார்த்ததே இல்லை. கண்ணை மூடினேன். பச்சைக்குள் ஏதோ மிதந்து மேலே வந்தது. "மஞ்சக் கவுன். தண்ணிக்குள்ள கொடை மாதிரி விரிஞ்சு நிக்கிது. புதுத் துணி. கஞ்சி போகாத துணி." சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தேன். அந்தப் பெட்டியில் இருந்த ஒவ்வொரு கவுனையும் நான் போட்டிருக்கிறேன். அதில் மஞ்சள் கிடையாது.

மேடம் எந்த முடிவும் சொல்லவில்லை. "அந்தக் காலத்துல உங்க வீட்டுல இருந்தவங்க யாராவது இப்போ இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அத்தை இருந்தாள். அப்பாவின் தங்கை, கல்யாணம் செய்துகொள்ளாதவள். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். எண்பதை நெருங்குகிறாள், நினைவு மட்டும் கத்தி. ஞாயிறு பூசை முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அத்தை, எனக்கு மஞ்சள்ல ஒரு கவுன் இருந்துச்சா?"

"ஏன் இல்லாம? நான்தான் தேனியில துணி எடுத்துத் தச்சுக் குடுத்தேன். ஒனக்கு ஏழு முடிஞ்ச பொறந்தநாளைக்கு. ஒங்கம்மா பெட்டியைத் தொறந்து வச்சுக்கிட்டு, இனிமே பிள்ளைக்கு என்னத்தப் போடுறதுன்னு அழுதுக்கிட்டு நின்னா. அதான் தச்சேன்."

"அதைப் போட்டுக்கிட்டு நான் வாய்க்கால்ல விழுந்தனா?"

அத்தையின் கை நின்றுவிட்டது. "ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. எனக்கு ஞாபகம் இருக்கு."

அவள் கீரையை முறத்தில் போட்டுவிட்டு முந்தானையால் கையைத் துடைத்தாள். "ஒங்கப்பா எல்லார்ட்டயும் சத்தியம் வாங்கிட்டாக. இந்தப் பிள்ளைகிட்ட யாரும் வாயைத் தொறக்கக் கூடாது, அது மறந்துரட்டும்னு. நீயும் மூணு நாள் காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சப்ப ஒண்ணும் கேக்கலை. மறந்துட்டன்னே நெனச்சோம்."

பிறகு சொன்னாள். தண்ணீர் திறந்து வாய்க்கால் கரை முட்ட ஓடிய நேரம். மத்தியானம், கோயிலில் மூன்று மணி அடித்துக்கொண்டிருந்தது. புதுக் கவுனைத் தோட்டத்துக்காரர்களிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று அம்மா பார்க்காதபோது ஓடியிருக்கிறேன். மதகுப் பாலத்தில் கால் வழுக்கிவிட்டது. தேடி வந்த அம்மா, பாலத்துக்கடியில் மஞ்சளாக எதையோ பார்த்திருக்கிறாள். நீச்சல் தெரியாது. குதித்துவிட்டாள்.

"மதகுச் சட்டத்தை ஒரு கையில புடிச்சுக்கிட்டு, ஒம் மயித்தை ஒரு கையில புடிச்சுட்டா. ஒம் பேரைச் சொல்லிக் கத்துனா பாரு. ஏறு, தண்ணியை விட்டு ஏறு, கையைக் குடுன்னு. எனக்கு இங்கன கேட்டுச்சு. தோட்டத்தாளுக ஓடி வந்து ரெண்டு பேத்தையும் தூக்குனாக. அதுக்கப்புறம் மூணு மாசம் ஒங்கம்மா யாரோடயும் பேசலை."

எனக்குச் சரியாகக் காது கேட்கவில்லை. கீரைக் காம்பைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். "அம்மா அக்காவைக் கூப்புட்டாகன்னு நெனச்சேன் அத்தை. இப்பவும் அக்காவைத்தான் கூப்புடுறாகன்னு."

"அக்காவையா?" அத்தை என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அவளை யாருடி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்புட்டா? அது எங்கம்மா பேரு. மூத்த பேத்திக்கு வைக்கணும்னு ஞானஸ்நானத்துல வச்சது. கோயில்லயும் பள்ளிக்கூடத்துலயும் எழுதுனதோட சரி. வீட்டுல அவளுக்கு வேற பேரு." ஒரு சின்னப் பறவையின் பெயரைச் சொன்னாள். நாற்பது வருடத்தில் நான் கேள்விப்படாத பெயர். "அவ போனதுக்கப்புறம் நீதான் மூத்தவ. அதான் ஒனக்கு அந்தப் பேரு வந்துச்சு. அந்தப் பேரைச் சொல்லி ஒங்கம்மா வாயாரக் கூப்புட்டது ஒன்னை மட்டுந்தான். அவளைக் கூப்புட எங்க நேரம் இருந்துச்சு? அவ எப்பப் போனான்னே யாருக்கும் தெரியாது. சாயந்தரந்தான் கண்டெடுத்தாக."

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் பொய். கோபமாக இருந்தது. இறந்துபோன அப்பா மேல், அத்தை மேல், சத்தியம் செய்து கொடுத்த அத்தனை பேர் மேலும். வியாழக்கிழமை மேடத்திடம் அதைத்தான் கொட்டினேன். நாற்பது வருடம் இன்னொருத்தியின் சாவு என்று நினைத்து என்னுடைய உயிரைச் சுமந்திருக்கிறேன் என்றேன். பிறகு, "அப்ப எல்லாமே நானாக் கட்டிக்கிட்டதா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார். "அம்மா காதை மடக்கிப் பார்த்தது உண்மைதானே. பெட்டித் துணி உண்மைதானே. அவங்க உங்ககிட்ட அவளைத் தேடினாங்க. உங்களைக் காப்பாத்தத் தண்ணியிலயும் குதிச்சாங்க. ரெண்டும் உண்மையா இருக்கலாம்."

புறப்படும்போது, "இப்போ பேர் சொல்லலாமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். சொன்னார். திரும்பிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மூன்று மணி செபம் தொடங்கியதும் அம்மா நிமிர்ந்தாள். மூலையைப் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டாள். நான் எழுந்தேன். ஈரத்தைத் தொட்டுப் பார்த்த நாளுக்குப் பிறகு அந்த மூலையில் நான் கால் வைத்ததே இல்லை. இரண்டு சுவரும் சேரும் இடத்தில், அம்மா பார்க்கும் இடத்தில் போய் நின்றேன். அங்கே நிற்கும்போது அறை வேறு மாதிரி இருந்தது. கட்டில் தூரத்தில், ஏதோ உயரத்தில் இருப்பதுபோல. அம்மாவின் பார்வை என் வயிற்றுக்கு நேராக, ஏழு வயதுப் பிள்ளையின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் நிலைத்திருந்தது. நான் மண்டியிட்டேன். இப்போது நேருக்கு நேர்.

"ஏறு. கையைக் குடு."

கையை நீட்டிக்கொண்டே முட்டியால் நகர்ந்து கட்டிலுக்குப் போனேன். அம்மா பிடித்தாள். அவள் கையில் அத்தனை பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மணிக்கட்டில் அன்று விழுந்த தடம் மறுநாளும் இருந்தது.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேம்மா. கரையில இருக்கேன்."

"தலையெல்லாம் நனைஞ்சு கெடக்கே" என்று கட்டில் கம்பியில் கிடந்த துண்டை எடுத்தாள். காய்ந்த என் தலையை அழுத்தித் துவட்டினாள். காது வலித்தது. நரைமுடி துண்டில் சிக்கி இழுபட்டது. துவட்டி முடித்ததும் என் காதருகே குனிந்து சொன்னாள். "அப்பாட்டச் சொல்லிறாத. வையுவாக."

"சொல்ல மாட்டேம்மா."

அன்றிலிருந்து அம்மா கூப்பிட்டால் நான் போகிறேன். சில நாள் துவட்டுகிறாள், சில நாள் கையைப் பிடித்தபடியே தூங்கிவிடுகிறாள். லேபில் யாராவது கூப்பிட்டால் இப்போது நான்தான் திரும்புகிறேன். தேனிப் பயணம் வாரத்துக்கு ஒன்று என்பது மாதத்துக்கு ஒன்றாகி, போன வருடக் கடைசியில் நின்றது. "வேணும்னா எப்பவும் வரலாம்" என்றார் மேடம். படியிறங்கும்போது இனி வியாழக்கிழமை மத்தியானங்களை என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நேரம் கண்ணாடிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

இந்த ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து ஒரு மாற்றம் இருக்கிறது. மேடத்திடம் போன் செய்து சொல்லலாமா என்று யோசித்து, சொல்லவில்லை. சில நாட்களில் மூன்று மணிக்கு அம்மா கூப்பிடுவது என்னை இல்லை. அத்தை சொன்ன அந்தச் சின்னப் பறவையின் பெயர். முதல் தடவை கேட்டபோது பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டேன். குரலே வேறு. அவசரம் இல்லை, அழுகை இல்லை. முற்றத்தில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுகிறாள். கூப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதில் வந்ததுபோல முகம் தெளிகிறது.

"சரி, வெளையாடு" என்கிறாள். "இருட்டுறதுக்குள்ள வந்துரு, என்ன."

அந்தப் பெயருக்கு நான் பதில் சொல்வதில்லை, அது எனக்குரியது இல்லை. அம்மா மறுபடி படுக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.